தொழிலுக்கு லொறி, வான் வாங்கும் முன்: வற் வரியும் தேய்மானமும் கோருவது எப்படி

இலங்கையில் தொழிலுக்கு வாகனம் வாங்குகிறவர்களில் பலர் வரியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது, வாகனம் கடை வாசலுக்கு வந்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி எல்லாம் முடிந்த பிறகுதான். அப்போது செய்வதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது. என்ன வகை வாகனம், யார் பெயரில் வாங்குவது, விற்பவர் என்ன காகிதம் தருவார் என்பதெல்லாம் காசு கொடுக்கும் முன்பே முடிவாகிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு கெட்டிக்காரக் கணக்காளர் வந்தாலும் அதை மாற்ற முடியாது. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கம்பனிக்கு லொறி எடுத்தபோது இந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாகத் தொழில் தொடங்கி முதல் வாகனம் வாங்கப் போகிறவர்களுக்குத்தான் இது.

1. இரண்டு வரியையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இங்கே இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வாகனம் வாங்கும்போது நீங்கள் கட்டிய 18% வற் வரி, அதாவது பெறுமதி சேர் வரி (VAT). உங்கள் வியாபாரத்தில் நீங்கள் அறவிட்டுக் கட்ட வேண்டிய வற்றிலிருந்து இதைக் கழிக்கலாம். இதை உள்ளீட்டு வரி என்பார்கள். மற்றது வருமான வரி. வாகனத்தின் விலையை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுதோறும் ஒரு பங்கை இலாபத்திலிருந்து கழிப்பது. நாம் தேய்மானம் என்று சொல்வதைச் சட்டம் கெப்பிட்டல் அலவன்ஸ் என்று சொல்கிறது.

வற் 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது, வருமான வரி 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒன்றில் கிடைத்தது மற்றதில் கிடைக்காமல் போகலாம். தனியார் ரூட் பஸ் ஓட்டுகிறவருக்கு பஸ்ஸின் தேய்மானம் கிடைக்கும், ஆனால் பொதுப் பயணிகள் போக்குவரத்து வற் விலக்குப் பெற்ற சேவை என்பதால் பஸ்ஸுக்குக் கட்டிய வற் கிடைக்காது. அதனால் "வரி கழிக்கலாம்" என்று யாராவது சொன்னால், எந்த வரி என்று கேளுங்கள்.

2. வாங்கப் போகும் வாகனம் எந்த வகை?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வருமான வரிச் சட்டம் வீதியில் ஓடும் எல்லா வாகனத்துக்கும் தேய்மானம் தருவதில்லை. வணிக வாகனம், பஸ் அல்லது மினிபஸ், பொருட்கள் ஏற்றும் வாகனம், கனரக டிரக், டிரெய்லர், இவற்றுக்குத்தான் உண்டு. வணிக வாகனம் என்றால் அரை டன்னுக்கு மேல் சுமை ஏற்ற, அல்லது 13 பேருக்கு மேல் ஏற்றிச்செல்ல வடிவமைக்கப்பட்டது. அல்லது போக்குவரத்துத் தொழிலிலோ வாகனம் வாடகைக்கு விடும் தொழிலிலோ பாவிக்கப்படுவது. அதாவது முதலாளி ஓடித்திரியும் கார் கம்பனியின் பெயரில் இருந்தாலும், கதவில் கம்பனியின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினாலும், அதற்குத் தேய்மானம் இல்லை. அதே காரை வாடகைக்கு விடும் தொழிலில் போட்டிருந்தால் உண்டு.

வற் பக்கத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பயணத்துக்கு வைத்திருக்கும் காருக்குக் கட்டிய வற்றைக் கழிக்க எதிர்பார்க்காதீர்கள். வாகனம் விற்பதோ வாடகைக்கு விடுவதோ தொழிலாக இருப்பவர்களின் நிலை வேறு.

லொறிக்குக் குழப்பமே இல்லை. தலையிடி தருவது ஆட்களையும் பொருட்களையும் ஏற்றும் டுவல் பர்பஸ் வாகனம் என்று பதிவாகும் வான்களும் டபுள் கெப்களும்தான். விற்பனையாளர் "சேர், இது கொமர்ஷல், எல்லாம் கழிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சொல்வதை விட்டுவிட்டு, அதே மாடல் வாகனம் ஒன்றின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நாம் சி.ஆர். என்று சொல்லும் அந்தத் தாளில் வாகன வகுப்பு, சுமையற்ற நிறை, மொத்த நிறை, ஆசனங்கள் எல்லாம் இருக்கும். மொத்த நிறையிலிருந்து சுமையற்ற நிறையைக் கழித்துப் பாருங்கள். ஆனால் அந்த மிச்சத்தில் ஆட்களின் நிறையும் அடங்கும் என்பதை மறக்காதீர்கள். 700 கிலோ மிச்சம் வந்தாலும் ஐந்து பேர் உட்கார்ந்த பிறகு பொருளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? அதனால் தயாரிப்பாளரின் விபரத்தாளில் சுமைத் திறன் எவ்வளவு என்று போட்டிருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நாளைக்கு வரி மதிப்பீட்டாளர் கேட்டால் காட்டுவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

3. வற் பதிவு: வாகனத்துக்கு முன், பின் அல்ல

வற் பதிவு இல்லாதவருக்கு உள்ளீட்டு வரி என்ற பேச்சே இல்லை. 2024 ஜனவரியில் பதிவு எல்லையை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா அல்லது காலாண்டுக்கு 15 மில்லியன் ரூபா விற்பனை என்று வைத்தார்கள். 2026ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் ஆண்டு எல்லையை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். ஆகவே நீங்கள் வாங்கும் நாளில் நடைமுறையில் இருக்கும் எல்லையை 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அழைப்பு நிலையம்.

எல்லைக்குக் கீழே இருப்பவர்கள் விரும்பிப் பதிவு செய்யலாம். ஆனால் ஒரு லொறியின் வற்றுக்காக மட்டும் அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. பதிவு செய்த நாளிலிருந்து உங்கள் விற்பனை எல்லாவற்றிலும் 18% ஏற வேண்டும், ஒவ்வொரு காலாண்டும் அறிக்கை போட வேண்டும். உங்களிடம் வாங்குகிறவர்கள் வற் பதிவுள்ள கம்பனிகள் என்றால் அவர்கள் அந்த வரியைத் தாங்களும் கழித்துக்கொள்வார்கள், நட்டமில்லை. வாங்குவது சில்லறைக் கடைக்காரர்கள் என்றால், விலை ஏறியது என்று அடுத்த குறுக்குத் தெருவுக்குப் போய்விடுவார்கள்.

பதிவு செய்வதற்குத் திணைக்களம் கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை. வரி செலுத்துகிறவரை அடையாளம் காணும் டின் (TIN) இலக்கம் முதலில் வேண்டும், அது இருந்தால் வற் இலக்கம் பெரும்பாலும் அதே டின்னோடு 7000 சேர்ந்ததாக வரும். இணையத்தில் செய்யலாம், அல்லது கொழும்பு 2, சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமைக் காரியாலயத்துக்கு நேரே போகலாம். அங்கே போனால் கம்பனிப் பதிவுச் சான்றிதழ், பணிப்பாளர்களின் அடையாள அட்டை, வங்கிக் கூற்று, முகவரிக்கான ஆதாரம் ஆகியவற்றின் மூலப்பிரதியும் நகலும் கையில் இருக்கட்டும். பதிவு நடைமுறைக்கு வரும் திகதி சான்றிதழில் இருக்கும். வாகன இன்வொய்ஸின் திகதி அதற்குப் பிந்தியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. யார் பெயரில் வாங்குவது?

தொழில் தனியார் கம்பனி என்றால் கம்பனியின் பெயரில். "இப்போதைக்கு என் பெயரில் எடுப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று அண்ணனோ பங்காளியோ சொன்னால் சம்மதிக்காதீர்கள். பணிப்பாளரின் பெயரில் இருக்கும் லொறிக்குக் கம்பனி வற் கோரவும் முடியாது, தேய்மானம் கழிக்கவும் முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் வேறு ஆள், கம்பனி வேறு ஆள்.

தனி உரிமையாளராகத் தொழில் செய்தால் டின் உங்களுடையது. இன்வொய்ஸில் உங்கள் பெயரும் வியாபாரப் பெயரும் இரண்டும் வரட்டும். கூட்டு வியாபாரத்துக்குத் தனி டின் உண்டு, அதைக் கொடுங்கள்.

தனி ஆளிடம் பாவித்த வாகனம் வாங்கினால் கோருவதற்கு வற் இருக்காது, அவர் வற் அறவிடவில்லையே. தேய்மானம் மட்டும் கிடைக்கும், அதுவும் விற்பனை ஒப்பந்தம், வங்கி வழியாகக் காசு போன ஆதாரம், பெயர் மாற்றிய சி.ஆர். எல்லாம் இருந்தால்தான். கறுப்புப் பையில் காசு கொடுத்து, பத்திரத்தில் குறைத்த விலை போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பத்திரத்தில் என்ன விலையோ அதற்குத்தான் தேய்மானம் கோரலாம், மிச்சக் காசைச் செலவாகக் காட்ட வழியில்லை.

5. வரி இன்வொய்ஸை வாங்காமல் சாவியை வாங்காதீர்கள்

வற் கோருவதற்கு ஆதாரம் வரி இன்வொய்ஸ் மட்டும்தான். விற்பனைக்கு முன் விலையைக் காட்டித் தரும் புரோபோமா இன்வொய்ஸ் செல்லாது. காசு கட்டியதற்கான ரசீதும் செல்லாது. வாகனம் ஒப்படைத்ததற்குத் தரும் குறிப்பும் செல்லாது. இவை மூன்றையும் அழகான உறையில் போட்டுத் தந்து கைகுலுக்கி அனுப்பும் விற்பனை நிலையங்கள் உண்டு. எங்களுக்கும் அப்படித்தான் தந்தார்கள். வரி இன்வொய்ஸ் எங்கே என்று கேட்டால், அது கணக்குப் பிரிவில் இருந்து வரும் என்றார்கள். வந்தபோது கம்பனிப் பெயரின் கடைசியில் "பிரைவேட் லிமிட்டட்" இல்லை, எங்கள் டின் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் தொலைபேசியிலேயே பாதி வாழ்நாள் போனது போல இருந்தது.

கையில் வாங்கியதும் அங்கேயே நின்று இவற்றைப் பாருங்கள்: மேலே "வரி இன்வொய்ஸ்" என்று தெளிவாக இருக்க வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி, வற் இலக்கம், உங்கள் பெயர், முகவரி, இலக்கம், தொடர் இலக்கம், திகதி, வாகன விபரம், வற் இல்லாத விலை, வற் தொகை, மொத்தம். வாகன விபரத்தில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் போடச் சொல்லுங்கள், பிறகு சி.ஆரோடு ஒப்பிட உதவும். ஒரு எழுத்துப் பிழை என்றாலும் விடாதீர்கள்.

விலையில் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, அதாவது அந்த 2.5%, சேர்த்திருந்தால் அது வற் அல்ல, கழிக்க முடியாது. வாகனத்தின் விலையோடு சேரும். நீங்களே இறக்குமதி செய்தாலும் அப்படித்தான். சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி எல்லாம் விலையில் சேரும், சுங்கத்தில் கட்டிய வற் மட்டும் கோரலாம், அதற்கு ஆதாரம் உங்கள் பெயரிலுள்ள சுங்கப் பிரகடனம்.

செசியை மட்டும் வாங்கி வெளியே பொடி அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடி அடிக்கிறவர் பெரும்பாலும் வற் பதிவு இல்லாதவர், துண்டுக் காகிதத்தில் கணக்கு எழுதித் தருவார். வற் கிடைக்காவிட்டாலும் அந்தச் செலவு வாகனத்தின் விலையில் சேர்ந்து தேய்மானத்துக்கு வரும், அதனால் பெயரும் முகவரியும் அச்சடித்த பில் கேட்டு வாங்குங்கள்.

6. லீசிங் என்றால் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது

கேள்வி ஒன்றுதான்: வாகனத்தின் வரி இன்வொய்ஸ் யார் பெயரில் வரும்? லீசிங் கம்பனியின் பெயரில் வந்தால் அதை உங்கள் உள்ளீட்டு வரியாகப் போட முடியாது. பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். வங்கிக் கடன் எடுத்து உங்கள் பெயரில் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. வட்டி கொஞ்சம் கூடினாலும், 18% என்பது பெரிய தொகை, இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வருமான வரிக்கு நிலைமை வேறு. ஃபினான்ஸ் லீஸில், அதாவது தவணை முடிந்ததும் வாகனம் எடுத்தவருக்கே சேரும் வகையில், எடுத்த வாகனம், சி.ஆரில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தாலும், எடுத்தவருடையதாகவே கருதப்படும். தேய்மானம் உங்களுக்குத்தான். ஆனால் மாதத் தவணை முழுவதையும் செலவாகப் போடக் கூடாது, வட்டிப் பகுதி மட்டும்தான் செலவு. முதலும் வட்டியும் பிரித்த அட்டவணையை லீசிங் எடுக்கும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

7. வற் கோரும் முறையும் திகதிகளும்

வற் அறிக்கை காலாண்டுக்கு ஒன்று. காலாண்டு முடிந்த அடுத்த மாதம் கடைசித் திகதிக்குள் திணைக்களத்தின் இணைய முறையில், நாம் ரமிஸ் என்று சொல்வதில், போட வேண்டும். பணம் கட்டுவது மாதந்தோறும், அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள். ஜூலையில் லொறி வாங்கினால், ஓகஸ்ட் 20க்குக் கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடும்போதே லொறியின் வற்றைக் கழிக்கலாம்.

உள்ளூரில் வாங்கிய வாகனத்தின் இன்வொய்ஸ் விபரம் வற் அறிக்கையின் இரண்டாம் அட்டவணையில் போகும், நீங்களே இறக்குமதி செய்தது மூன்றாம் அட்டவணையில். விற்றவர் தன்னுடைய அட்டவணையில் உங்கள் இலக்கத்துக்கு எதிராகக் காட்டிய இன்வொய்ஸ் இலக்கமும் தொகையும் நீங்கள் போடுவதோடு ஒத்துப்போக வேண்டும். இன்வொய்ஸ் இலக்கத்தில் ஒரு பூச்சியம் விடுபட்டாலும் கடிதம் வரும்.

உள்ளூர் இன்வொய்ஸ் என்றால் அதன் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் கோர வேண்டும். சுங்கப் பிரகடனம் என்றால் 24 மாதம். தவறினால் அந்தத் தொகை போனதுதான்.

இன்னொன்று. லொறியின் வற் 18 லட்சம், உங்கள் காலாண்டு வெளியீட்டு வரி, அதாவது விற்பனையில் நீங்கள் அறவிட்ட வற், 10 லட்சம் என்றால், மிச்ச 8 லட்சத்தைக் காசாகத் தரமாட்டார்கள். அடுத்தடுத்த காலங்களுக்குக் கொண்டுபோய்க் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏற்றுமதியாளர்களுக்கு மீளளிப்பு முறை இருக்கிறது, உள்ளூர் வியாபாரிகள் அதை நம்பி மாதத் தவணையைத் திட்டமிடாதீர்கள். வற் பெறும் வியாபாரமும் விலக்குப் பெற்ற வியாபாரமும் கலந்து செய்கிறவர்கள் அந்த விகிதத்துக்கு மட்டுமே கோரலாம்.

8. தேய்மானத்தைக் கணக்கிடுவது

லொறி, பஸ், பொருள் ஏற்றும் வாகனம் எல்லாம் 5 ஆண்டுக்குச் சம பங்காக, அதாவது ஆண்டுக்கு 20%. விலை 1 கோடி, வற் 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வற்றைக் கோரியவர் 1 கோடிக்கு மேல்தான் கணக்கிட வேண்டும்: ஆண்டுக்கு 20 லட்சம். வற் பதிவு இல்லாதவருக்கு அந்த 18 லட்சமும் விலைதான், 1 கோடி 18 லட்சத்தில் ஆண்டுக்கு 23 லட்சத்து 60 ஆயிரம். இரண்டு பக்கமும் கோரினால் அது மோசடியாகப் பார்க்கப்படும், விளையாட வேண்டாம்.

20 லட்சம் கழிவு என்றால் 20 லட்சம் வரி குறையும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 30% வரி கட்டும் கம்பனிக்குக் குறைவது 6 லட்சம். தனி ஆளின் தொழில் என்றால் அவர் எந்த வரிப் படியில் இருக்கிறாரோ அதைப் பொறுத்தது.

வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச் 31இல் வாகனம் உங்களுடையதாக இருந்து தொழிலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் வாங்கி, பதிவு இலக்கம் வராமல் யார்டில் நிற்கும் லொறிக்கு அந்த ஆண்டில் கோருவது வம்பு. முதல் லோட் ஏற்றிய டெலிவரி நோட், ஓட்டப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்புறுதித் திகதி இவற்றைப் படமெடுத்து வையுங்கள்.

"இந்த ஆண்டு இலாபம் குறைவு, தேய்மானத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்போம்" என்பது நடக்காது. அந்தந்த ஆண்டுப் பங்கை அந்தந்த ஆண்டிலேயே எடுக்க வேண்டும். நட்டம் வந்தால் அது நட்டமாகத்தான் அடுத்த ஆண்டுக்குப் போகும். கணக்குப் புத்தகத்தில் நீங்கள் 8 ஆண்டு, 10 ஆண்டு என்று தேய்மானம் போட்டிருந்தால், வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, சட்டப்படியான 20%ஐக் கழிக்க வேண்டும். வீட்டுத் தேவைக்கும் ஓடும் வாகனம் என்றால் தொழிலுக்கு ஓடிய பங்குக்கு மட்டும்.

பெரிய திருத்தம் செய்தால் கவனம். எஞ்சின் மாற்றி, பாவித்த உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கியர்பொக்ஸும் வாங்கிப் போட்டால், அந்தச் செலவில் வாகனத்தின் மிச்ச மதிப்பின் (விலையிலிருந்து இதுவரை எடுத்த தேய்மானத்தைக் கழித்தால் வருவதன்) 20% வரைதான் அதே ஆண்டில் கழியும். கூடினால் அது வாகனத்தின் விலையில் சேர்ந்து தேய்மானமாக வரும்.

வருமான வரியின் இறுதிக் கொடுப்பனவு செப்டெம்பர் 30, அறிக்கை நவம்பர் 30. இடையில் காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட் 15இல் தொடங்குகின்றன. வாகனம் வாங்கிய ஆண்டில் தவணையை மதிப்பிடும்போதே தேய்மானத்தைச் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாகக் கட்டி வைக்கத் தேவையிருக்காது.

9. விற்கும்போது

மூன்று ஆண்டு தேய்மானம் எடுத்த பிறகு நம்முடைய 1 கோடி லொறியின் மிச்ச மதிப்பு 40 லட்சம். அதற்குப் பிறகு வற் நீங்கலாக 70 லட்சத்துக்கு விற்றால், கூடிய 30 லட்சம் அந்த ஆண்டின் வருமானமாகச் சேரும். குறைந்து விற்றால் அந்த நட்டத்தைக் கழிக்கலாம். கொழும்பில் பாவித்த லொறிக்கு என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த 30 லட்சம் ஆச்சரியமாக இருக்காது, ஆனால் அதற்கு வரி இருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியம்.

வாங்கும்போது வற்றைக் கழித்திருந்தால் விற்கும்போது வற் அறவிட்டுக் கட்ட வேண்டும். தரகர் "மொத்தமாக 70, முடிப்போமா?" என்று கேட்பார். அதற்குத் தலையாட்டினால் அந்த 70க்குள்ளேயே வற் அடங்கிவிடும்: ஏறக்குறைய 10 லட்சத்து 68 ஆயிரம் திணைக்களத்துக்கு, உங்கள் கைக்கு 59 லட்சத்து 32 ஆயிரம். அதனால் விலை பேசும்போதே "வற் தனி" என்று சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் வற் பதிவுள்ளவர் என்றால் மறுக்கமாட்டார்.

பெயர் மாற்றத்துக்கான படிவங்களில் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே சாதாரணம். செய்யாதீர்கள். எந்த ஆண்டில் விற்றீர்கள் என்பதே கேள்வியாகிவிடும். படிவங்களின் நகல், விற்பனை இன்வொய்ஸ், காசு வந்த வங்கிக் கூற்று மூன்றையும் வாங்கிய காகிதங்கள் இருக்கும் அதே கோப்பில் போட்டு, விற்ற பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு எறியாமல் வைத்திருங்கள்.